யார் பொறுப்பு? வண்ணாத்திவில்லு நமக்குச் சொல்லும் பாடம்

(உலக சுற்றாடல் தினத்தை முன்னிட்டுத் தோட்ட மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



சுற்றாடல் தினம் என்றால் நாலு மரக்கன்று நட்டு, ஒரு போட்டோ பிடித்து, தேநீர் குடித்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. மரம் நடுவது நல்ல காரியம், அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் லயத்துப் பக்கம் நாங்கள் போகும்போதெல்லாம் காதில் விழும் பேச்சு வேறு. "பன்னி வந்து மரக்கறித் தோட்டத்தையே கிளறிப் போட்டிருச்சுங்க, யாருக்கிட்ட சொல்றது?" "ராத்திரி புலி வந்து நாயைத் தூக்கிட்டுப் போயிருச்சு, நாளைக்குப் புள்ளையத் தூக்கினா யாரு கேக்குறது?" "லயத்துக்குப் பின்னால குப்பை குமிஞ்சு கிடக்குது, யாரு அள்றது?"

பன்றி, புலி, குப்பை என்று மூன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒரே கேள்விதான். யார் பொறுப்பு?

தோட்டக் கந்தோரில் கேட்டால், "மிருக விஷயம் எங்களுடையது அல்ல" என்பார்கள். கிராம உத்தியோகத்தரிடம் போனால், "பிரதேச சபையில் சொல்லுங்கள்" என்பார். பிரதேச சபையில், "அது தோட்டத்துக்குச் சொந்தமான இடம்" என்பார்கள். இப்படிப் பந்து உருண்டுகொண்டே இருக்கும். பிரட்டுக் களத்துக்கு நேரமாகிவிடும், நாமும் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவோம். நம்மைப் போலவே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஓர் ஊரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அந்த ஊரின் பெயர் வண்ணாத்திவில்லு.

வண்ணாத்திவில்லு புத்தளம் மாவட்டத்தில் கடலோரப் பக்கமாக உள்ள ஒரு பிரதேச செயலாளர் பிரிவு. மழைநீர் தேங்கி நிற்கும் இயற்கையான குளத்தை அங்கே வில்லு என்பார்கள். பக்கத்திலுள்ள வில்பத்துக் காட்டுக்கும் வில்லுகளால்தான் பெயர் வந்தது. தென்னை, மரமுந்திரிகை, சேனைப் பயிர், களப்பில் மீன்பிடி என்று உழைத்துச் சாப்பிடும் ஜனங்கள் அங்கே இருக்கிறார்கள். சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் எல்லோரும் கலந்து வாழும் மாவட்டம் அது. நம் குளிர் அங்கே இல்லை, ஒரே வெயில்தான். ஆனாலும் நமக்கும் அந்த மண்ணுக்கும் தொடர்பு உண்டு. நம்மில் பலருடைய வீட்டுத் தளத்துக்குப் போட்ட சீமெந்தில், அந்தப் பிரிவிலுள்ள அறுவைக்காட்டில் தோண்டிய சுண்ணாம்புக்கல்லும் கலந்திருக்கலாம். புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கல் போவது அங்கிருந்துதான்.

முதலில் யானையைப் பற்றிச் சொல்கிறோம். வண்ணாத்திவில்லுக்கு வடக்கே, கலா ஓயாவுக்கு அப்பால் இருப்பது வில்பத்து. 1938இல் தேசிய வனமாக்கப்பட்டது. 1,31,667 ஹெக்டேயர் பரப்புள்ள, இலங்கையின் மிகப் பெரிய தேசிய வனம். காட்டு யானைக்கு எல்லைக்கல் தெரியாது. வரட்சிக் காலத்தில் தண்ணீர் தேடி வரும், விளைச்சல் காலத்தில் பயிரைத் தேடி வரும். ஆறு மாதம் பாடுபட்ட சேனை ஒரே ராத்திரியில் போய்விடும். தென்னங்கன்றின் குருத்தைப் பிடுங்கித் தின்றுவிடும். நெல் வாசனை பிடித்து வீட்டுச் சுவரை இடிக்கும். நமக்கு அட்டையும் குளவியும் எப்படியோ, அவர்களுக்கு யானை அப்படி. ஆனால் யானை ஒரு தடவை மிதித்தால் உயிரே போய்விடும்.

இது வண்ணாத்திவில்லுக்கு மட்டும் வந்த கஷ்டமில்லை. 2011இல் எடுத்த கணக்கின்படி நாட்டில் 5,879 காட்டு யானைகள் இருந்தன. 2023ஆம் ஆண்டில் மட்டும் 400க்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. அதே ஆண்டில் யானை தாக்கி 150க்கும் மேற்பட்ட மனிதர்கள் இறந்தார்கள். சட்டவிரோத மின்கம்பி, துப்பாக்கி, தீனிக்குள் வைக்கும் வாய்வெடி என்று மனிதன் யானையைக் கொல்கிறான். யானை மனிதனைக் கொல்கிறது. இரண்டு பக்கமும் சாவுதான்.

அரசாங்கத்துக்கு இதில் பொறுப்பு இல்லையா? இருக்கிறது, அது எழுத்திலும் இருக்கிறது. வன ஜீவராசிகளைப் பாதுகாக்க 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உண்டு. 1949இல் அதற்கென்று தனித் திணைக்களம் அமைத்தார்கள். சட்டம் என்ன சொல்கிறது? யானையைக் கொல்லாதே என்கிறது. நியாயம்தான். ஆனால் அரசாங்கம் ஒரு ஏழை விவசாயியிடம் "யானை மேல் கை வைக்காதே" என்று சொல்லும்போது, "உன் உயிரையும் பயிரையும் நாங்கள் காப்பாற்றுகிறோம்" என்ற வாக்குறுதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் பாதியை மட்டும் சட்டமாக வைத்துக்கொண்டு, மறுபாதியை மறந்துவிட முடியாது.

மறந்துவிட்டார்கள் என்றும் ஒரேயடியாகச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு மின்சார வேலி போட்டிருக்கிறார்கள். ஆனால் போட்ட இடத்தில்தான் கோளாறு. பல இடங்களில் வன ஜீவராசிகள் திணைக்களத்தின் காணிக்கும் வன பரிபாலனத் திணைக்களத்தின் காணிக்கும் நடுவில் உள்ள எல்லையில் வேலி நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கமும் காடு, இந்தப் பக்கமும் காடு. யானை இரண்டு பக்கமும் நிற்கும். அப்படியானால் அந்த வேலி யாருக்கு? இரண்டு கந்தோர்களின் எல்லையைக் காட்டத்தான் உதவுகிறது! இதனால்தான் 2020இல் அரசாங்கம் நியமித்த நிபுணர் குழு வேறு வழி சொன்னது. வேலியை ஊரைச் சுற்றிப் போடுங்கள், வயலுக்குப் பயிர்க் காலத்தில் மட்டும் போட்டு அறுவடை முடிந்ததும் கழற்றுங்கள், அதைப் பராமரிப்பதில் ஊராரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. நல்ல யோசனை. யானை நடமாடும் நிலத்தில் 70 சதவீதமளவு காப்பகங்களுக்கு வெளியேதான் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் யானையைக் காட்டுக்குள் அடைத்து வைக்கலாம் என்ற நினைப்பு சரிவராது. ஊரைத்தான் காக்க வேண்டும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வேலி இல்லாமல் இல்லை, பணம் செலவழியாமலும் இல்லை. ஆனால் ராத்திரி கண் விழித்துக் காவல் இருப்பவனிடம், "யானை எந்த வழியால் வருகிறது?" என்று கேட்காமல் செய்த காரியம் பாதிதான் பலன் தரும்.

அடுத்தது குப்பை. கொழும்பு நகரத்துக் குப்பை பல வருஷமாக மீத்தொட்டமுல்லையில் கொட்டப்பட்டு மலைபோல உயர்ந்தது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, நாம் எல்லோரும் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடிய அன்று, அது சரிந்து வீடுகளை மூடியது. 30க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செத்தவர்கள் யார்? அதன் அடிவாரத்தில் குடியிருந்த சாதாரண ஜனங்கள். நகரம் முழுவதும் போட்ட குப்பை அவர்கள் தலையில் விழுந்தது. மலைச்சரிவுக்குக் கீழே லயம் உள்ள நமக்கு, இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்தக் குப்பையை எங்கே கொண்டுபோவது? அதற்கு முன்பே பேச்சில் இருந்த ஒரு திட்டம் சரிவுக்குப் பிறகு வேகம் பிடித்தது. களனியில் குப்பையை அமுக்கிக் கொள்கலன்களில் அடைத்து, ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ரயிலில் கொண்டுபோய், வண்ணாத்திவில்லுப் பிரிவில் உள்ள அறுவைக்காட்டில், சுண்ணாம்புக்கல் தோண்டிய பூமியில் போடுவது என்பதுதான் திட்டம். ஒரு நாளைக்கு 1,200 தொன் என்று கணக்குப் போட்டார்கள்.

புத்தளத்து மக்கள் கொதித்துப்போனார்கள். 2018 செப்டெம்பர் கடைசியில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மாதக் கணக்கில் நடந்தது. பெண்கள் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார்கள். கடையடைப்புச் செய்தார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. "சீமெந்துத் தூசியை நாங்கள் சுவாசிக்கிறோம். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலும் எங்கள் பக்கம்தான். அங்கிருந்து மின்சாரம் நாட்டுக்கெல்லாம் போகிறது. இப்போது தலைநகரத்துக் குப்பையும் எங்களுக்கா? சுண்ணாம்புக்கல் நிலத்தில் அழுக்குத் தண்ணீர் இறங்கினால் கிணறு என்னாகும்? களப்பும் மீனும் என்னாகும்? பக்கத்தில் இருக்கும் காடு என்னாகும்?"

அரசாங்கத் தரப்பு சொன்னதையும் சொல்ல வேண்டும். இது மீத்தொட்டமுல்லை மாதிரித் திறந்த குப்பைமேடு அல்ல, அடியில் விரிப்புப் போட்டு, கசியும் தண்ணீரைச் சுத்திகரித்து, முறைப்படி மூடி நிரப்பும் இடம் என்றார்கள். சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு செய்திருக்கிறோம் என்றார்கள். எதிர்ப்பு நடக்கும்போதே 2019 ஆகஸ்டில் கொழும்புக் குப்பை லொறிகளில் வந்து இறங்கத் தொடங்கியது.

இந்தத் திட்டம் சரியா தவறா என்று இந்த மண்டபத்தில் தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. குப்பை எங்காவது போகத்தான் வேண்டும். நாங்கள் கேட்பது இதுதான். குப்பை இடம் மாறியது, அதோடு பொறுப்பும் மாறிப் போனதா? குப்பையைப் போட்டது கொழும்பு. திட்டம் போட்டது அமைச்சு. அனுமதிக்குப் பொறுப்பு சுற்றாடல் அதிகாரிகள். வடமேல் மாகாணத்துக்கென்றே 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றாடல் நியதிச்சட்டமும் தனி அதிகாரசபையும் வேறு உண்டு. அந்த ஊருக்குப் பிரதேச சபை ஒன்றும் இருக்கிறது. இத்தனை பேர் இருந்தும், கிணற்றுத் தண்ணீரில் வாடை அடித்தால் ஒரு தாய் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நின்றால், அந்த ஊருக்குப் பொறுப்பாளர் எவரும் இல்லை என்றுதான் அர்த்தம். பல பேருக்குப் பொதுவான பொறுப்பு, கடைசியில் ஒருவருக்கும் இல்லாத பொறுப்பாகிவிடுகிறது. பத்துக் கங்காணி உள்ள மலையில் கொழுந்து ஏறாது என்று நம்ம பெரியவர்கள் பகிடியாகச் சொல்வார்களே, அதே கதைதான்.

யானையும் குப்பையும் வேறு வேறு என்று நினைத்துவிடாதீர்கள். அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்தில் திறந்த குப்பைமேடு ஒன்று உண்டு. பசித்த யானைகள் அங்கே வந்து சாப்பாட்டு மிச்சத்தோடு பொலித்தீனையும் சேர்த்து விழுங்கின. எட்டு வருஷத்தில் 20 யானைகளளவில் செத்துவிட்டதாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. வயிற்றைத் திறந்து பார்த்தால் பொலித்தீனும் பிளாஸ்டிக்கும். குப்பை கிடக்கும் இடத்துக்கு மிருகம் வரும். இது யானைக்கு மட்டுமல்ல, நம்ம லயத்துக்கும் பொருந்தும். லயத்துக்குப் பின்னால் சோற்று மிச்சமும் கோழிக் குடலும் கொட்டினால் நாய் வரும், பன்றி வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். "புலி ஏன் லயத்துக்கு வருது?" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அந்தக் குப்பைக் குழியில் கிடக்கிறது.

இனி நம்ம தோட்டத்துக்கு வருவோம். எந்தப் பொறுப்பு யாருடையது என்று பிரித்துச் சொல்கிறோம். மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, குப்பை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, ஊர்க் குப்பையை அகற்றுவது பிரதேச சபையின் வேலை. ஆனால் அதே சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். நாம் வாக்குப் போடலாம், ஆனால் சபையின் வண்டி லயத்துக்கு வராது! 2018இல் பாராளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. இப்போது தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை சேவை செய்யலாம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் இரண்டு வருஷத்துக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இருந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து மறுபடி வந்திருக்கிறார்கள். ஆகவே "அது தோட்டத்து இடம்" என்று யாராவது சொன்னால், "2018இல் சட்டம் திருத்தியாச்சுங்களே ஐயா" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, காட்டு மிருகம். அது வன ஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. சிறுத்தை நடமாட்டம் கண்டால் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். காட்டு யானை, சிறுத்தை போன்றவை தாக்கிக் காயமோ உயிர்ச்சேதமோ ஏற்பட்டால் அரசாங்க நட்டஈட்டுத் திட்டம் உண்டு. ஆனால் அதற்குக் கடதாசி வேண்டும். நாங்கள் அறிந்த ஒரு குடும்பத்தில் தகப்பனைச் சிறுத்தை பிறாண்டிவிட்டது. காயத்துக்கு நாட்டு மருந்து கட்டிக்கொண்டு வீட்டிலேயே படுத்துவிட்டார். ஆஸ்பத்திரித் துண்டு இல்லை, பொலிஸ் முறைப்பாடு இல்லை. பல மாதம் கழித்துக் கேட்டபோது, சம்பவம் நடந்ததற்கே அத்தாட்சி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் பேர் போடாமல் கடனாளியானதுதான் மிச்சம். ஆகவே அன்றைக்கே ஆஸ்பத்திரி, அன்றைக்கே பொலிஸ், அடுத்து கிராம உத்தியோகத்தர், அதன் பிறகு வன ஜீவராசிகள் காரியாலயம். இந்த வரிசையைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, வேலைத்தளம். மலையில் குளவிக்கூடு இருப்பது தெரிந்தால் அந்த இடத்துக்கு ஆள் அனுப்பாமல் இருப்பதும், கூட்டை அகற்ற ஏற்பாடு செய்வதும் தோட்ட நிர்வாகத்தின் கடமை. வேலை நேரத்தில் ஏற்பட்ட பாதிப்புக்கு 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கூட்டைக் கண்டவர் கங்காணியிடம் வாயால் சொன்னதோடு விடாமல், தலைவர் மூலம் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

அரசாங்கத்தின் பொறுப்பைச் சொன்னோம், நம்ம பொறுப்பையும் சொல்ல வேண்டும். நமது அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை, சுற்றாடலைப் பாதுகாத்து மேம்படுத்துவது அரசின் கடமை என்கிறது. அடுத்த 28ஆம் உறுப்புரை, இயற்கையைப் பாதுகாப்பது ஒவ்வொரு ஆளின் கடமை என்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது சும்மா இல்லை.

பன்றிக்கு வைத்த சுருக்கில் என்ன மாட்டியது என்று நமக்குத் தெரியும். 2020 மே மாதம் நல்லதண்ணி, லக்ஷபான பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் அகப்பட்டது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் மூன்று நாளில் செத்துப்போனது. நாட்டில் மிக அபூர்வமாகக் காணப்படும் பிராணி அது. கம்பி வைத்தவர் பன்றிக்குத்தான் வைத்திருப்பார், கம்பிக்கு அது தெரியுமா? 2018 ஜூனில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் சிறுத்தை ஒன்று பலரைக் காயப்படுத்தியது. ஆத்திரத்தில் அதை அடித்தே கொன்றார்கள். பிறகு கைதாகி நீதிமன்றம் போனவர்கள் ஊர்க்காரர்கள்தான். அதிகாரி பிந்தி வந்தாலும் கூண்டில் ஏறுவது ஏழைதான். அதனால்தான் தடியைத் தூக்காதீர்கள், முதலில் அறிவியுங்கள் என்கிறோம்.

எழுதினால் என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்பீர்கள். ஆகியிருக்கிறது. வண்ணாத்திவில்லிலிருந்து உள்நாட்டுப் பக்கம் போனால் அனுராதபுர மாவட்டத்தில் எப்பாவல என்ற இடம். அங்கே பொஸ்பேற் தோண்ட ஒரு வெளிநாட்டுக் கம்பனியோடு அரசாங்கம் பேசி முடிக்க இருந்தது. ஊரார் உயர் நீதிமன்றம் போனார்கள். நாட்டின் இயற்கை வளத்துக்கு அரசு ஒரு காவலாளி மாதிரி, இஷ்டப்படி செய்ய முடியாது என்ற கருத்தில் 2000ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. அந்தத் திட்டம் நின்றது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் ஒரு மின் நிலையத்தின் எண்ணெயால் நிலத்தடி நீர் கெட்ட வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா கட்டச் சொன்னது. கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்கள் கடமை தவறியதையும் கண்டித்தது.

எல்லோரும் வழக்குக்குப் போக வேண்டியதில்லை. முதல் படி ஒரு கடிதம். தமிழிலேயே எழுதலாம். திகதி, இடம், நடந்த விஷயம், என்ன வேண்டும் என்று நாலு வரி போதும். ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, "எங்கள் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

வண்ணாத்திவில்லுச் சனங்கள் இன்றைக்கும் ராத்திரியில் யானைக்குக் காவல் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் தூரத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கும் கந்தோர்களுக்கு, இங்கே ஓர் ஊர் இருக்கிறது, இங்கே ஜனங்கள் இருக்கிறார்கள் என்று புத்தளத்தார் சத்தமாகச் சொன்னார்கள். பொறுப்பு அரசாங்கத்தினுடையதுதான். ஆனால் கேட்காத பொறுப்பு தூங்கிப்போகும். அதைத் தட்டி எழுப்புவது நம்ம வேலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் மாதர் சங்கம் கூடுகிறது. லயம் லயமாகக் குப்பைக் குழி, குளவிக்கூடு, மிருக நடமாட்டம் மூன்றையும் எழுதிக் கொண்டு வாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள், நாங்களும் உட்கார்ந்து எழுதித் தருகிறோம். எல்லாவற்றையும் சேர்த்து, எந்தக் கடிதம் எந்தக் கதவுக்கு என்று பிரித்து, ஒரே நாளில் கொண்டுபோய்க் கொடுப்போம்.